கோடிட்ட இடங்களை நிரப்புக: தரவுத்தளம் படிக்கத் தொடங்குவோருக்கு

எங்கள் ஊர் வாசிகசாலையின் மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. திகதி, பெயர், ஊர், தொலைபேசி, புத்தகம், எழுதியவர், திருப்பித் தந்த திகதி என ஏழு நிரல்கள். அடிமட்டம் வைத்து நேராகக் கோடிட்டு, பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கிறார்கள். வாசிகசாலையை நெடுங்காலமாகப் பார்த்துவரும் பெரியவர் ஒருநாள் அந்தக் கொப்பியை என் முன்னே வைத்தார். "பிள்ளை, வாங்கி அடுக்கிய நாள்தொட்டு ஒருவருமே தொடாத புத்தகங்கள் எவை என்று இதைப் பார்த்துச் சொல்லும்."

என்னால் சொல்ல முடியவில்லை. கொப்பியின் எந்த மூலையிலும் அதற்கு விடை இல்லை. எடுத்துச் சென்ற புத்தகத்தின் பெயர்தான் அதில் ஏறும். எடுக்காத புத்தகம் அந்தக் கொப்பியைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் தரவுத்தளப் பாடம் கற்பிக்கிறேன். முதல் வகுப்பில் இப்போது இந்தக் கொப்பியைப் பற்றித்தான் பேசுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, இயல்பாக்கம் என்ற சொற்களெல்லாம் தெரியும். வரைவிலக்கணத்தையும் அச்சொட்டாக எழுதுவார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்து, "இந்த வாசிகசாலைக்கு அட்டவணைகளை வரையுங்கள்" என்றால் பேனை நகராது. அவர்களுக்காகவும், இந்தப் பாடத்தை முதன்முதலாகத் தொடுபவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அட்டவணை என்பது ஒரு வாக்கியம்

சின்ன வகுப்பில் நாம் எல்லோரும் செய்த பயிற்சி ஒன்று உண்டு: கோடிட்ட இடங்களை நிரப்புக. தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையை அப்படிப்பட்ட ஒரு வாக்கியமாகப் பாருங்கள்.

"____ எண் அங்கத்தவரின் பெயர் ____, ஊர் ____."

இதுதான் அங்கத்தவர் அட்டவணை. மூன்று கோடிட்ட இடங்கள், ஆகவே மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரையும், அதாவது ஒவ்வொரு கிடைவரியும், அந்த இடங்களை ஒருமுறை நிரப்பிக் கிடைக்கும் ஒரு முழு உண்மை. "41 எண் அங்கத்தவரின் பெயர் சிவகுமார், ஊர் இணுவில்."

இதை என் சொந்தக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்ற கணிதவியலாளர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்தில் தரவைத் தேடுபவர், அது இயந்திரத்துக்குள் எந்தப் பாதையில் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அமைப்பை மாற்றினால் கணினிச் செய்நிரல்களையும் திருத்தி எழுத வேண்டும். தரவைப் பயன்படுத்துவோரை அந்தச் சுமையிலிருந்து காக்க வேண்டும் என்பது கொட்டின் வாதம். கணிதத்தின் கணக் கொள்கையில் 'தொடர்பு' என்று ஒன்று உண்டு. அதை எடுத்து, எல்லாத் தரவையும் அப்படிப்பட்ட தொடர்புகளாக வைக்கலாம் என்றார். தொடர்புநிலைத் தரவுத்தளம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா மாணவரும் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அட்டவணைகளுக்கு இடையே நாம் வரைகிற கோடுகளால்தான் 'தொடர்புநிலை' என்ற பெயர் வந்தது என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. தொடர்பு என்பது அட்டவணையே. 41, சிவகுமார், இணுவில் ஆகிய மூன்றையும் ஒரே நிரையில் கட்டி வைக்கும் வாக்கியம்தான் தொடர்பு. இது விளங்கிவிட்டால் வடிவமைப்பின் பாதி விளங்கிவிடும்.

கொப்பியின் வாக்கியத்தை வாசித்துப் பார்ப்போம்

சீ.ஆர். கொப்பியின் ஏழு நிரல்களை ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். "____ திகதியில் ____ என்பவர், அவருடைய ஊர் ____, அவருடைய தொலைபேசி ____, ____ என்ற புத்தகத்தை எடுத்தார், அதை எழுதியவர் ____, ____ திகதியில் திருப்பித் தந்தார்." மூச்சு வாங்குகிறது. 'அவருடைய', 'அதை' என்று இடையில் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. ஒட்டுப்போட்ட ஒவ்வோர் இடத்திலும் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. ஒருவரின் ஊர் இணுவில் என்பது அவர் புத்தகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உண்மை. ஒரு நூலை எழுதியவர் யார் என்பது அதை யார் எடுத்தார் என்பதைப் பொறுத்ததல்ல.

இப்படி வேறு வேறு உண்மைகளை ஒரே நிரையில் அடைத்தால் மூன்று விதத்தில் துன்பம் வரும். சிவகுமார் முப்பது தடவை புத்தகம் எடுத்திருந்தால் அவருடைய தொலைபேசி எண் முப்பது இடத்தில் இருக்கும். எண் மாறும்போது இருபத்தொன்பது இடத்தில் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், எது சரியான எண் என்று தரவுத்தளத்துக்கே தெரியாது. புதிதாகச் சேர்ந்து இன்னும் எதையும் எடுக்காத அங்கத்தவரை எழுத இடமே இல்லை. பழைய இரவல் பதிவுகளை அழித்தால் அவற்றோடு சேர்ந்து சிலருடைய முகவரியும் போய்விடும். பெரியவரின் கேள்விக்கு விடை கிடைக்காததும் இதே நோயால்தான். நூல்களுக்கென்று தனி வாக்கியம் அந்தக் கொப்பியில் இல்லை.

ஆகவே பிரிக்கிறோம். அங்கத்தவர் வாக்கியத்தை மேலே கண்டோம். நூலுக்கு:

"____ எண் நூலின் தலைப்பு ____, எழுதியவர் ____."

இங்கே சற்று நில்லுங்கள். வாசிகசாலையில் ஒரே நூல் இரண்டு பிரதிகள் இருக்கலாம். ஒன்று வாங்கியது, மற்றது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. சிவகுமார் வீட்டுக்குக் கொண்டுபோனது நூலையா, பிரதியையா? பிரதியைத்தான். நூலின் தலைப்பும் ஆசிரியரும் எல்லாப் பிரதிக்கும் பொது. அட்டை கிழிந்ததும் தொலைந்ததும் குறிப்பிட்ட ஒரு பிரதிக்கு மட்டும் உரியவை. 'புத்தகம்' என்ற ஒரே சொல்லால் நாம் நாள்தோறும் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். பேச்சில் அதனால் கேடில்லை, கேட்பவர் விளங்கிக்கொள்வார். தரவுத்தளம் விளங்கிக்கொள்ளாது. வடிவமைப்பில் மிகக் கடினமான வேலை எனக்குத் தெரிந்தவரை இதுதான்: ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் பதுங்கியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது.

"____ எண் பிரதி, ____ எண் நூலின் பிரதி, வாசிகசாலைக்கு வந்த திகதி ____."

"____ எண் இரவல்: ____ எண் பிரதியை ____ எண் அங்கத்தவர் ____ திகதி எடுத்தார், ____ திகதி திருப்பித் தந்தார்."

நான்கு வாக்கியங்கள், நான்கு அட்டவணைகள். தொலைபேசியை மறந்துவிடவில்லை. ஒருவருக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும் காலம் இது. ஒரே பெட்டிக்குள் காற்புள்ளியிட்டு மூன்றையும் எழுதுவது பிழை, தொலைபேசி1, தொலைபேசி2 என்று நிரல்களைப் பெருக்குவதும் அழகல்ல. "____ எண் அங்கத்தவரை ____ இலக்கத்தில் அழைக்கலாம்" என்று தனி வாக்கியம் எழுதிவிடுங்கள். இன்னொன்று: தொலைபேசி எண்ணை எண்ணாகச் சேமிக்காதீர்கள், எழுத்தாகச் சேமியுங்கள். யாழ்ப்பாணத்தின் 021 எண்ணாகச் சேமித்தால் 21 ஆகிவிடும், முன்னாலுள்ள பூச்சியம் காணாமல் போய்விடும். எதைக் கூட்டவும் கழிக்கவும் போவதில்லையோ அது எண் அல்ல.

பாடநூல் சொல்லும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்கள் இந்தப் பிரிப்புக்கு ஒழுங்கான சோதனைகள். பரீட்சைக்கு அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்த்தவருக்கு அவை புதிதாக எதையும் சொல்வது அரிது.

சாவி ஏன் பெயராக இருக்கக் கூடாது

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். க. சிவகுமார் என்று ஒரே ஊரில் இரண்டு பேர் இருப்பது இங்கே புதினமல்ல. ஒரு நிரையை மற்ற எல்லா நிரைகளிலிருந்தும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்துக் காட்டுவதுதான் முதன்மைச் சாவி. பெயர் அந்த வேலைக்கு ஆகாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகாதா என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. முன்பு அது ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாக வழங்கப்படுகிறது. பழைய அட்டை வைத்திருப்பவர் புதிதாக எடுத்தால் அதே ஆளுக்கு வேறு வடிவில் இலக்கம் வந்துவிடும். வாசிகசாலைக்கு வரும் சிறுவர்களுக்கோ அடையாள அட்டையே கிடையாது. பிறர் வழங்குவதும் பிறர் மாற்றக்கூடியதுமான ஒன்றின் மேல் உங்கள் அட்டவணைகள் முழுவதையும் கட்டாதீர்கள். உள்ளே எந்தப் பொருளும் இல்லாத ஒரு தொடர் எண் போதும். 'நூலகம்' எண்ணிம நூலகத்தைப் பயன்படுத்தியவர்கள் ஒவ்வோர் ஆவணத்தின் பக்கத்திலும் நூலக எண் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பில் எழுத்துப்பிழை இருந்து பின்னர் திருத்தப்பட்டாலும் அந்த எண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

இரவல் அட்டவணையில் வரும் அங்கத்தவர் எண், அங்கத்தவர் அட்டவணையின் முதன்மைச் சாவி. இன்னோர் அட்டவணைக்கு வந்து நிற்பதால் இங்கே அதற்குப் பெயர் அந்நியச் சாவி. அப்படி அறிவித்துவிட்டால், இல்லாத அங்கத்தவரின் பெயரில் இரவல் எழுத முயன்றால் தரவுத்தளமே மறுத்துவிடும். இந்தக் காவலை நான் மிகவும் மதிக்கிறேன். அவசரத்தில் இருக்கும் மனிதர் செய்யும் பிழையை அது நொடியில் பிடிக்கிறது.

கேட்கும் மொழி

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கு, அதாவது வினவலுக்கு, உலகம் முழுவதும் பயன்படுவது எஸ்.கியூ.எல். மொழி. 1974 இல் ஐ.பி.எம். ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 1986 இல் அது அமெரிக்கத் தரநிலையாயிற்று, மறு ஆண்டு அனைத்துலகத் தரநிலையாயிற்று. அதில் என்ன வேண்டும் என்று மட்டுமே சொல்கிறீர்கள், எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தில் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவீர்கள். இங்கே வாசிக்க எளிதாகத் தமிழில் எழுதுகிறேன்.

செலெக்ட் பெயர்
ஃப்ரொம் அங்கத்தவர்
வேர் ஊர் = 'இணுவில்';

எழுதுவது செலெக்டில் தொடங்கினாலும் வாசிப்பதை ஃப்ரொமிலிருந்து தொடங்குங்கள். அங்கத்தவர் அட்டவணையை எடு, ஊர் இணுவிலாக உள்ள நிரைகளை மட்டும் வடிகட்டு, அவற்றின் பெயர் நிரலைக் காட்டு. பொருளின் ஒழுங்கு அதுதான்.

ஊருக்கு எத்தனை அங்கத்தவர் என்று அறிய:

செலெக்ட் ஊர், கவுண்ட்(*)
ஃப்ரொம் அங்கத்தவர்
குரூப் பை ஊர்;

ஒரே ஊர்க்காரரை ஒரு குவியலாகச் சேர்த்து எண்ணித் தருகிறது. எங்கள் கொப்பியைத் தட்டச்சுச் செய்து இதை ஓட்டியபோது திருநெல்வேலி ஒரு நிரையாகவும் தின்னவேலி இன்னொரு நிரையாகவும் வந்தன. சுன்னாகம் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்தது. நமக்கு இவை ஒரே ஊர். இயந்திரத்துக்கு எழுத்து மாறினால் ஊரும் மாறிவிடும். கொக்குவில் கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லாமலே இரண்டு நிரையாக வந்தது. கணினி எழுத்துகளைப் பதியும் குறிமுறையான ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். குறிகளை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளம் அவற்றை வேறு வேறாகவே காணும். பழைய கணினிகளில் பாமினி எழுத்துருவில் தட்டியவை இன்னும் மோசம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடமிட்டிருந்தது. தமிழில் தரவுத்தளம் அமைக்கிறவர்கள் இதற்கென்று ஒரு நாளை ஒதுக்கத்தான் வேண்டும்.

மருந்து மறுபடியும் வாக்கியத்தில் இருக்கிறது. "____ எண் ஊரின் பெயர் ____" என்று ஆறாவது அட்டவணை அமைத்து, அங்கத்தவர் அட்டவணையில் ஊரின் எண்ணை மட்டும் வைத்தோம். ஊரின் பெயர் இப்போது ஒரே ஒரு முறைதான் எழுதப்படுகிறது. வினவல் பிழையாகத் தோன்றினால், அட்டவணையையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

பிரித்ததை மீண்டும் சேர்த்து வாசிப்பதற்கு ஜொயின். இன்னும் திருப்பித் தராதவர்கள் யார்?

செலெக்ட் அங்கத்தவர்.பெயர், இரவல்.எடுத்த_திகதி
ஃப்ரொம் இரவல்
ஜொயின் அங்கத்தவர் ஒன் அங்கத்தவர்.எண் = இரவல்.அங்கத்தவர்_எண்
வேர் இரவல்.தந்த_திகதி இஸ் நல்;

'ஒன்' என்பதற்குப் பின்னால் உள்ள பகுதிதான் எந்த நிரை எந்த நிரையோடு சேரவேண்டும் என்று சொல்கிறது. பழைய முறையில் காற்புள்ளியிட்டு அட்டவணைகளை அடுக்கி அந்த நிபந்தனையை மறந்தால் ஒவ்வொரு நிரையும் எல்லா நிரையோடும் சேரும். 300 அங்கத்தவரும் 2,000 பிரதிகளும் இருந்தால் திரையில் 600,000 நிரைகள் வந்து கொட்டும்.

கடைசி வரியில் உள்ள 'நல்' என்பது வெற்றுப் பெறுமானம். கோடிட்ட இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்ற அடையாளம். அது பூச்சியம் அல்ல, வெற்று எழுத்துச் சரமும் அல்ல. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது, 'தெரியாது' என்றே வரும். வேர் 'ஆம்' என்று வரும் நிரைகளை மட்டுமே உள்ளே விடும். அதனால் சமக்குறி போட்டு நல்லைத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும்.

தரவுத்தளத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் வைத்திருங்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெரியவரின் கேள்வி

சாதாரண ஜொயின், இரண்டு பக்கமும் பொருந்தும் நிரைகளைத்தான் தரும். இரவலே இல்லாத பிரதி அதில் விடுபட்டுவிடும். லெஃப்ட் ஜொயின் அப்படியல்ல. இடப்பக்க அட்டவணையின் எந்த நிரையையும் கைவிடாது. வலப்பக்கத்தில் துணை இல்லாவிட்டால் அந்த இடங்களை நல்லால் நிரப்பித் தரும். நடக்காத ஒன்றைக் கேட்பதற்கான வழி அதுதான்.

முதலில் பிரதிகளையும் இரவலையும் லெஃப்ட் ஜொயின் செய்து, இரவல் எண் நல்லாக உள்ளவற்றை எடுத்தேன். பட்டியலில், ஊரே படித்த ஒரு நாவலும் இருந்தது. அதன் ஒரு பிரதி கை மாறி மாறிப் போயிருக்கிறது, மற்றது அலுமாரியில் அப்படியே இருந்திருக்கிறது. வினவல் பிரதியைக் கேட்டது, பெரியவர் நூலைக் கேட்டிருந்தார். திருத்தினேன்:

செலெக்ட் நூல்.தலைப்பு
ஃப்ரொம் நூல்
ஜொயின் பிரதி ஒன் பிரதி.நூல்_எண் = நூல்.எண்
லெஃப்ட் ஜொயின் இரவல் ஒன் இரவல்.பிரதி_எண் = பிரதி.எண்
குரூப் பை நூல்.எண், நூல்.தலைப்பு
ஹேவிங் கவுண்ட்(இரவல்.எண்) = 0;

ஹேவிங் என்பது குவியல்களுக்கான வடிகட்டி. அடைப்புக்குள் நட்சத்திரக்குறி போடாமல் இரவல்.எண் என்று எழுதியதைக் கவனியுங்கள். நட்சத்திரம் நிரைகளை எண்ணும், நல் நிறைந்த நிரையையும் ஒன்றாகவே எண்ணும். அப்படி எழுதினால் விடையில் ஒரு நூலும் வராது. நிரலின் பெயரைக் கொடுத்தால் நல்லை விட்டுவிட்டு எண்ணும்.

பட்டியலை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் வரி வரியாகப் பார்த்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஒரு பழைய சோதிட நூலின் பெயர் அது. "இது தவறு, பிள்ளை. இதைப் பின்னேரங்களில் இந்த வாங்கிலேயே இருந்து எத்தனை பேர் வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை எங்கே எழுதினீர்?"

எங்கும் எழுதவில்லை. என் வாக்கியம் 'எடுத்தார்' என்று சொல்லியது, 'வாசித்தார்' என்று சொல்லவில்லை. வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன்: "____ எண் பிரதி ____ திகதி வாசிகசாலையிலேயே வாசிக்கப்பட்டது." யார் வாசித்தார் என்பதற்கும் ஓர் இடம் விடவா என்று கேட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் பெயர் கேட்டால் வராமல் நின்றுவிடுவார்கள், அது வேண்டாம் என்றார். அந்த இடத்தை விடவில்லை.